காபிக்கடையில் கிடந்த எஞ்சின்

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது என்பார்கள். பங்காருவாகிய நான் சொல்வேன். கண்ணையா. கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கிற மாதிரிச் சொல்வேன். எனக்குக் கோபம் வராத நாள் குறைவு. அவருக்குக் கோபம் வந்து இந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் பங்குக்கும் நானே கோபப்பட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

கிணத்துக்கடவிலிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டரில் எங்கள் ஊர். எங்கே திரும்பினாலும் தென்னந்தோப்பு. தோப்பு இருந்தால் கிணறு, கிணறு இருந்தால் மோட்டார், மோட்டார் இருந்தால் அது ஒருநாள் எரியும். எரிந்த மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்து, உள்ளே செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் காயில் கட்டி, திரும்பக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பதுதான் கண்ணையாவின் தொழில். அதை ஒன்றரைக் கையால் செய்கிறார். இடது கையில் நாலு விரல் இல்லை. கட்டைவிரல் மட்டும் மிச்சம். செம்புக் கம்பியின் நுனியைப் பல்லில் கடித்து, கட்டைவிரலால் அழுத்தி, வலது கையால் சுற்றுவார். இன்னொரு கை வேண்டிய இடத்தில் நான் பிடிப்பேன். கண்ணையா கட்டின காயில் சீக்கிரத்தில் புகையாது என்று தோட்டத்துக்காரர்கள் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை, உண்மைதான்.

விரல்கள் போனது பாலகோபால் முதலாளியின் நார் மில்லில். தேங்காய் மட்டையை அடித்து நாராக்குகிற மெஷின். உருளைக்கு மேல் இருக்க வேண்டிய தகர மூடி மூன்று மாதமாகக் கழன்று மூலையில் கிடந்தது. மாட்டச் சொல்லி இவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். இவர் கேட்பதைத்தான் எனக்குத் தெரியுமே. “ஏனுங்க மொதலாளி, ஒழிஞ்சப்ப அந்த மூடியைச் சித்தெ பாருங்க” என்று, ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி கேட்டிருப்பார். அப்புறம் ஒருநாள் மெஷின் கையை இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு முதலாளி சாத்துக்குடிப் பையோடு வந்தார். நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள், தன்னுடைய கவனக் குறைவால்தான் அடிபட்டது என்று ஒரு காகிதத்தில் வலது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார் இந்த தர்மப்பிரபு.

“ஏனய்யா போட்டே?” என்று கேட்டேன்.

“மொதலாளியே வந்து கேட்டுப்போட்டாரு, பங்காரு. ஸ்டூல்ல உக்காந்து கேக்கறாரு. எப்புடி இல்லீங்கறது?”

இது இவர் ஒருத்தரின் குணம் என்றால் தலையெழுத்து என்று விட்டுவிடுவேன். எங்கள் பக்கத்து ஜனத்துக்கே இந்த வியாதி உண்டு. நடுரோட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுவார்கள். ஆனால் ஒருத்தர் இருக்கிற இடம் தேடி வந்து, உட்கார்ந்து, ‘ஏனுங்க’ என்று கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. மோர் கொடுத்து, கேட்டதையும் கொடுத்து, வாசல் வரை வந்து அனுப்பிவிட்டு, உள்ளே வந்து வயிறெரிவார்கள். இவருக்கு வயிறுகூட எரியாது. அதுவும் என் வேலை.

கை ஆறிய பிறகு காயில் வேலை கற்றுக்கொண்டார். தோட்டம் தோட்டமாகப் போக வண்டி வேண்டும். எந்தப் பைக்கானாலும் இடது கையால் கிளட்ச் பிடிக்க வேண்டும். விரலுக்கு எங்கே போவது? கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வாங்கினோம். அதில் பின்சக்கரத்து பிரேக் இடது கையில். முன் பிரேக்கை மட்டும் பிடித்து, வாய்க்கால் மணலில் இரண்டு தடவை சறுக்கி, தோள்பட்டை எலும்பு உடைந்ததுதான் மிச்சம். பக்கச் சக்கரம் வைத்த வண்டி வரப்பில் போகாது. அப்போதுதான் வடசித்தூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் யெஸ்டி பைக் ஒன்று நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். எண்பத்து மூன்றாம் வருஷத்து வண்டி.

அந்த வண்டியில் ஒரு சங்கதி உண்டு. கிக்கரும் கியரும் ஒரே லீவர், இடது காலில். அந்த லீவரைக் காலால் அழுத்தினாலே கிளட்ச் தானாக விட்டுக்கொடுக்கும். கையால் பிடிக்க வேண்டியதே இல்லை. கியரைப் போட்டுக் காலை மெல்ல எடுத்தால் வண்டி நகரும். பின் பிரேக்கும் காலில்தான். கண்ணையா கட்டைவிரலை ஹேண்டில்பாரில் கொக்கி மாதிரிப் போட்டுக்கொண்டு வாத்தியார் வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, சோறு சாப்பிடாமல், அதையே நாலு தடவை சொன்னார். அடிபட்டதற்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேரியரில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு பத்து வருஷம் அந்த வண்டியில்தான் பிழைத்தோம்.

கிளட்சைக் காலோடு சேர்க்கிற வேலையைச் செய்வது எஞ்சினுக்குள் இருக்கிற விரல் நீளத் துண்டு ஒன்று. கேம் என்கிறார்கள். போன மார்ச்சில், சொக்கனூர்ப் பாதையில், கேரியரில் மோட்டாரோடு வரும்போது அது உடைந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து வாசலில் நிறுத்தினார்.

அன்று ஆரம்பித்த அலைச்சல். பொள்ளாச்சி, கோயமுத்தூர், ஈரோடு என்று கடை கடையாக ஏறி இறங்கினார். வண்டி செய்த மைசூர்க் கம்பெனி மூடி முப்பது வருஷம் ஆகப் போகிறது. ஆனால் சாமான் கிடைக்காமல் இல்லை. பளபளவென்று பெட்ரோல் டேங்க் இருக்கிறது, சைலன்சர் இருக்கிறது, சீட்டு, ஸ்டிக்கர் எல்லாம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கப் போகிறவர்களுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் புதிதாகச் செய்து மாட்டி வைத்திருக்கிறார்கள். இந்தத் துண்டு மட்டும் கிடையாது. ஈரோட்டுக் கடையில் நானும் கூட இருந்தேன். கடைக்காரன் உடைந்த துண்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “எடைக்குப் போட்டுப்போட்டுப் புதுசு வாங்கிக்குங்கண்ணா” என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“புது விரலும் நீயே குடுப்பியா? எந்தச் செல்ஃபுல வெச்சிருக்கறே, எடு பாக்கலாம்” என்று கேட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. கண்ணையா என் முந்தானையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டு, உள்ளே போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

கோயமுத்தூரில் இரும்புக் கடைசலுக்குப் பஞ்சமா? கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இதே மாதிரி செய்யச் சொல்லிப் பார்த்தோம். அளவு அச்சாக வந்தது. இரும்பைப் பதம் வைத்ததில் பிசகு. ஒன்பதாவது நாள் முனை மழுங்கிப் போனது. அடுத்ததைக் கெட்டியாகப் பதம் வைத்தார்கள். அது நாலாவது நாளே விரிசல் விட்டுவிட்டது. மூன்றாவது செய்யக் கூச்சப்பட்டுக்கொண்டு பட்டறைக்காரர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எங்கள் வீட்டிலேயே அந்தத் துண்டு இருந்தது என்பதை நினைத்தால்தான் எனக்குத் தலை சுற்றும். வாத்தியார் வண்டியோடு கூட ஒரு எஞ்சினையும் கொடுத்திருந்தார். எந்த மெக்கானிக்கும் திறக்காதது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வேண்டும் என்று சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்திருந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஈரோட்டுக்கு ஒரு சீருக்குப் போயிருந்தபோது, உதய் என்று ஒரு பையன் காரில் வந்தானாம். பழைய வண்டி என்றால் உயிராம். மோர் குடித்தானாம். கொட்டகையை எட்டிப் பார்த்து, “ஏனுங்கண்ணா, இந்த எஞ்சினை எனக்குக் குடுங்க, பொன்னாட்டப் பாத்துக்கறேன்” என்று கேட்டானாம். இவர் தூக்கிக் கார் டிக்கியில் வைத்துக் கொடுத்து, கூடவே நாலு இளநீரும் வெட்டிப் போட்டு அனுப்பியிருக்கிறார். போன் நம்பர்கூட வாங்கவில்லை. நான் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் இவர்கள் எல்லாரும் வருவார்கள்.

சித்திரை வெயில் ஏறியது. மோட்டார்கள் வரிசையாக எரிகிற காலம். கிணற்றில் தண்ணீர் இருந்தும் தென்னை காய்கிறது என்று தோட்டத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போய், நடந்து, இவர் போய்ச் சேருவதற்குள் வேறு ஆளைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தாலும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வர வழியில்லை. பத்து வருஷம் சம்பாதித்த பேர் ஐந்து வாரத்தில் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் பாலகோபால் முதலாளியின் கார் வாசலில் நின்றது. நார் மில் கேட்டுக்கு வாட்ச்மேன் வேண்டுமாம். “கண்ணையா, உனக்குத்தான் மொதல்ல கேக்கறேன். சேரைப் போட்டு உக்காந்திருந்தாப் போதும். திங்கக்கெழமைக்குள்ள சொல்லு” என்றார். அன்று நான் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றேன். அதனால் இவர், “ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க” என்று நிறுத்திக்கொண்டார்.

கார் போனதும் சொன்னேன்: “உன்ற கையைத் தின்ன எடத்துல போயி சலாம் போடப் போறியா? காயில் கட்டற மனுசனைக் கொண்டுபோயி கேட்டுல கட்டறதா?”

“வேற வழி சொல்லு பங்காரு.”

சனிக்கிழமை காலையில் உடைந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நானே பஸ் ஏறினேன். உக்கடத்தில் அப்துல் முத்தலிப் என்று ஒரு பாய் பழைய வண்டிச் சாமான் வைத்திருக்கிறார் என்று கேள்வி. இவர் இரண்டு தடவை போனபோதும் கடை பூட்டியிருந்ததாம். பக்கத்துக் கடையில் கேட்டாயா என்றால், கேட்கவில்லையாம். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம், தொந்தரவு பண்ணக் கூடாதாம். இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கடை திறந்திருந்தது. எட்டடி அகலம். கூரை வரை எண்ணெய் படிந்த இரும்பு. முத்தலிப் பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். துண்டை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“இது மார்க்கெட்லயே இல்லை தங்கச்சி. நானே மூட்டை மூட்டையா எடைக்குப் போட்டிருக்கேன்.”

“ஏன் பாய் போட்டீங்க?”

“யாரும் கேக்கலை. இதைக் கழட்டிப்போட்டா கியர் லேசா விழும்னு, மெக்கானிக்குக மொத வேலையா இதைத்தான் பிடுங்கி வீசுவாங்க. கையில கிளட்ச் பிடிக்கறவனுக்கு இது எதுக்கு?”

“பிடிக்கக் கை இல்லாதவன் எங்க போவான் பாய்?”

சத்தமாகத்தான் கேட்டேன். பாய் யாருக்கு என்று விசாரித்தார். சொன்னேன். ஸ்டூலை எடுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். “அப்படி ஒருத்தர் இருப்பார்னு எனக்குத் தோணவே இல்லைம்மா. தப்புத்தான்” என்றார். அத்தனை கடைகளில் தப்பு என்று சொன்ன முதல் மனுஷன் அவர்தான். என் கோபம் கொஞ்சம் இறங்கியது.

“லூசாக் கிடைக்காது. யாரும் தொறக்காத எஞ்சின் எங்கயாச்சும் இருந்தா, அதுக்குள்ளதான் இருக்கும்.”

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் எஞ்சின் போன கதையைச் சொன்னேன். உதய் என்ற பேரைக் கேட்டதும் பாய் நிமிர்ந்தார்.

“தாடி வெச்சு, கறுப்புக் கார்ல வருவானே? ரேஸ் கோர்ஸ்ல காபிக்கடை வெச்சிருக்கான். என்கிட்டத்தான் டேங்கு, ஹெட்லைட்டு எல்லாம் செவுத்துல மாட்ட வாங்கிட்டுப் போனான். எஞ்சின் ஒண்ணு…” என்று இழுத்தார்.

“என்ன பாய்?”

“மேசையாப் பண்ணியிருக்கான்மா. மேல கண்ணாடியைப் போட்டு.”

எனக்கு வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எங்கள் வீட்டுப் பாஷையான தெலுங்கில் வந்தன. பாய் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்பேனர் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் கூப்பிடவே இல்லை. “வாங்க, ஆட்டோவுல போயிரலாம். வெறுங்கையோட போயி நீங்க அதை எப்படித் தொறப்பீங்க?” என்றார்.

காபிக்கடை என்றால் நம் ஊர்க் கடை மாதிரி இல்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, மெல்லிசாகப் பாட்டு. நடுவில் எங்கள் எஞ்சின். வெள்ளிப் பெயிண்ட் அடித்து, அடியில் ஒரு பல்பைப் போட்டு, மேலே வட்டக் கண்ணாடியை வைத்திருந்தார்கள். இரண்டு பேர் அதில் கோப்பையை வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நார் மில் கேட்டில் ஒருத்தரை உட்கார வைக்கப் பார்க்கிறது காலம். அவரைக் காப்பாற்ற வேண்டிய இரும்பு இங்கே கேக்குத் தட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

“எங்கடா உங்க மொதலாளி?” என்று கல்லாவில் இருந்த பையனைக் கேட்டேன்.

உதய் வந்தான். நல்ல பையன் முகம்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. யார் என்று சொன்னேன். “கண்ணையா அண்ணன் ஊட்டு அக்காவா! உக்காருங்கக்கா. காபி சாப்பிடுங்க” என்றான்.

“உன்ற காபி எனக்கு வேண்டாம். மேசையை நீயே வெச்சுக்க. அது வயித்துக்குள்ள ஒரு துண்டு இருக்குது, அதை எடுத்துக்கறோம்.”

“அய்யோ அக்கா, அது டிஸ்ப்ளே பீசுங்க. போட்டோ எடுக்கறதுக்குன்னே வராங்க. பெயிண்ட் போயிரும். மேசையைப் பண்ணிக் குடுத்தவங்ககிட்டக் கேட்டு அடுத்த வாரம் சொல்லட்டுங்களா?”

“அடுத்த வாரமா? திங்கக்கெழமை எங்க பொழப்பு போகுது, உனக்குப் பெயிண்ட் போகுதா? மோரைக் குடிச்சு, எளநியைக் குடிச்சு, பொன்னாட்டப் பாத்துக்கறேன்னு வாங்கிட்டு வந்து, அதுல எச்சித் தட்டு வெச்சிருக்கறே! வெக்கமா இல்லை?”

கடை முழுக்க எங்களைப் பார்த்தது. பாட்டை யாரோ நிறுத்தினார்கள். பையன் முகம் சிவந்து இறுகிவிட்டது. “அண்ணன் விருப்பப்பட்டுத்தான் குடுத்தாரு. சத்தம் போடாதீங்க, கஸ்டமர் இருக்காங்க” என்றான். வாசலில் இருந்த செக்யூரிட்டி உள்ளே வந்தார். வெளியே போகச் சொல்லப் போகிறார்கள் என்று புரிந்தது.

பாய் என் பக்கத்தில் குனிந்தார். “தங்கச்சி, கத்தினா அவன் வீம்புக்கு நிப்பான். உங்க ஊட்டுல வந்து அவன் எப்படிக் கேட்டான்? நீங்களும் அப்படிக் கேளுங்க.”

நானா? அவனிடமா? எங்கள் சாமானுக்கு நான் கெஞ்சுவதா? பல்லைக் கடித்தேன். கேட்டில் காக்கிச் சட்டையோடு எழுந்து நின்று காருக்குச் சலாம் போடுகிற கண்ணையா கண்ணுக்கு முன்னால் வந்தார். அந்தக் கண்ணாடி மேசைக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

“ஏனுங் தம்பி. உங்க எடத்தைத் தேடி வந்திருக்கறேனுங்க. எங்கூட்டுக்காரருக்கு அந்தத் துண்டு இல்லீன்னா வண்டி இல்லீங்க. வண்டி இல்லீன்னா வேலை இல்லீங்க. வாயைத் தொறந்து கேட்டுப்போட்டேன். இல்லீன்னு சொல்லிப்போடாதீங்க சாமி.”

ஒவ்வொரு ‘ங்க’வும் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிச் சிக்கித்தான் வந்தது. ஆனால் அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. கத்தினபோது மலையாக நின்றவன், கேட்டதும் நெளிந்தான். சுற்றிலும் பார்த்தான். தாடியைச் சொறிந்தான்.

“என்னங்கக்கா இப்புடிக் கேட்டுப்போட்டீங்க… எடுத்துக்குங்க. பெயிண்ட் மட்டும் கீறாமப் பாத்துக்குங்க.”

அந்த நேரத்திலும் பெயிண்ட். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாய் கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, துணியை விரித்து, இடது பக்க மூடியைத் திறந்தார். முக்கால் மணி நேரம். உள்ளே நாற்பது வருஷத்து கிரீஸ் கறுத்துக் கிடந்தது. அதற்கு நடுவில் இருந்து துண்டை எடுத்துத் துடைத்து, கட்டைவிரலால் தடவி, என் உள்ளங்கையில் வைத்தார். மூடியை மறுபடி மாட்டிக் கண்ணாடியையும் வைத்தபோது மேசை பழையபடி இருந்தது. எனக்குத் தெரிந்து அங்கே காபி குடிப்பவர் யாருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் வழி முழுக்கத் துண்டைக் கையிலேயே வைத்திருந்தேன். வாசலில் கால் வைத்ததும் கட்டிலில் மடித்து வைத்திருந்த இரண்டு காக்கிச் சட்டைகளைப் பார்த்தேன்.

“மொதலாளி மத்தியானம் வந்திருந்தாரு” என்றார் கண்ணையா, தரையைப் பார்த்துக்கொண்டு. “நீ எங்கேன்னாரு. டவுனுக்குப் போயிருக்கறாள்னேன். சித்தெ நேரம் உக்காந்திருந்தாரு. மோர் குடுத்தேன். அப்புறம்… சரின்னு சொல்லிப்போட்டேன்.”

நான் கத்தினதைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். ஆறு கடையில் அவமானப்பட்டது, எவனோ ஒரு பையனிடம் சாமி என்று கெஞ்சினது, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். துண்டை அவர் மடியில் வீசினேன். “அந்தாளு சாத்துக்குடிக்குக் கையெழுத்தைக் குடுத்தே, எவனோ மோர் குடிக்க எஞ்சினைக் குடுத்தே, இப்ப உன்னையே குடுத்துப்போட்டியா? இனி இந்த ஊட்டுல மோரே கடையறதில்லை!” என்றேன். அவர் துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்தபோது வண்டியின் இடது பக்க மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிடவில்லை. நானாகப் போய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் பிடி என்று கண்ணைக் காட்டிய இடத்தைப் பிடித்தேன். பன்னிரண்டு மணிக்கு மூடியைப் போட்டு, மூன்று உதை உதைத்தார். நாலாவதில் வண்டி பிடித்தது. வாசலில் இருந்து தெருத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். கியர் கத்தாமல் விழுந்தது.

“நாளைக்குப் போயி முடியாதுன்னு சொல்லோணும்” என்றேன்.

“வாக்குக் குடுத்துப்போட்டேனே பங்காரு. நீ வந்து சொல்றியா?”

“மாட்டேன். இந்த ஒண்ணை மட்டும் நான் சொல்ல மாட்டேன். குடுத்த வாய் உன்றது.”

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நார் மில் கேட்டில் இறங்கினோம். காக்கிச் சட்டை இரண்டும் பிளாஸ்டிக் பையில், அவர் வலது கையில் தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம். முதலாளி ஆபீஸ் ரூமிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். “வா கண்ணையா. சட்டை பத்தலையா? சேர் போட்டாச்சு பாரு, நெழலாப் பாத்து” என்றார்.

 எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன். கண்ணையா மெஷின் இருக்கிற பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பையை அந்தச் சேரின் மேல் வைத்தார்.

“நான் வரலீங்க மொதலாளி.”

“என்னப்பா, முந்தாநாள் சரின்னியே? பங்காரு, நீதான் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தியாம்மா?”

“அவளைக் கேக்காதீங்க. நான் சொல்றேனுங்க.”  இடது கையைத் தூக்கி, முதலாளியின் முகத்துக்கு நேராக, அந்த ஒற்றைக் கட்டைவிரலோடு நீட்டினார். பதிமூன்று வருஷமாக முதலாளி முன்னால் தோள் துண்டுக்குள் மறைத்தே வைத்திருந்த கை. “இதைத் தின்ன மெசினுக்கு நான் காவல் உக்கார மாட்டேனுங்க. மூடியை மாட்டச் சொல்லி ரெண்டு தடவை கேட்டனுங்க. நீங்க மாட்டலீங்க. இன்னைக்காச்சும் மாட்டியிருக்குதுங்களா? போயிப் பாருங்க. நான் நிக்கற எடத்துல இருந்தே தெரியுது, மூடி இல்லீங்க!”

கடைசி வார்த்தையைக் கத்தினார். கண்ணையா கத்தினார். நார் காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். முதலாளி மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். 

கண்ணையா திரும்பி வந்து வண்டியை ஒரே உதையில் எடுத்தார். லீவரை அழுத்தி, காலை விட்டார். கோதவாடிப் பக்கம் இரண்டு நாளாக மோட்டார் எரிந்து கிடக்கிறது என்று போன் வந்திருந்தது. அந்தப் பாதையில் போயே விட்டார். பெண்டாட்டி கூட வந்தாள், பின்னால் ஏற்ற வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கோபம் அப்படித் தலைக்கு ஏறியிருந்தது அந்த மனுஷனுக்கு.

வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்தேன். வழியில் பாவாத்தாள் அக்கா, “ஏம் பங்காரு நடந்து வாரே? கண்ணையா எங்க?” என்று கேட்டாள்.

“அவுரு வேலைக்குப் போயிருக்காருங்க்கா” என்றேன்.